கேரவனில் குடியிருக்கும்போது ஊர் வேலைகளும் பழுதுபார்ப்பும்: மேற்கு ஆஸ்திரேலியா செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெர்த்தில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோ விலைக்கு வாங்கியோ, காரின் பின்னால் கோத்துக்கொண்டு, சில வாரங்களோ மாதங்களோ அதிலேயே குடியிருக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் சாலையில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை; இரண்டு இடங்களிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். அவர்கள் தடுமாறுவது ஊருக்குள் நுழைந்த பிறகு. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சிலிண்டர் மாற்ற வேண்டும், பின்விளக்கு ஒன்று எரியவில்லை, அரிசியும் தீர்ந்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் எளிய வேலைகள்தான். எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறும்போதுதான், அரை நாளில் முடிய வேண்டியவை மூன்று நாளை விழுங்கிவிடுகின்றன. ஆகவே, கீழே உள்ள பகுதிகளைச் செய்யவேண்டிய வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

1. பெர்த்தை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் கேரவனின் சக்கர நட்டுகளை உங்கள் காரோடு வந்த ஸ்பேனரால் கழற்றிப் பாருங்கள். காரின் நட்டு அளவும் கேரவனின் நட்டு அளவும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பது புதியவர்களின் வழக்கம். பல வண்டிகளில் அவை வேறுபடும். இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் வாடகை நிறுவனத்தின் முற்றமே தவிர, போர்ட் ஹெட்லண்டுக்கும் ப்ரூமுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 600 கி.மீ. வெட்டவெளி அன்று.

அடுத்து, கைப்பேசியில் சில படங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியின் எடையும் அடையாள எண்ணும் பொறித்த தகடு, டயரின் பக்கவாட்டில் உள்ள அளவு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் பம்பு, கழிவறை, கேஸ் அடுப்பு ஆகியவற்றின் மாடல் எண்கள். பட்டறைக்காரர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்விகள் இவைதாம். அப்போது ஓடிப்போய்க் குனிந்து பார்த்துச் சொல்வதற்குள் அவர் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்.

கருவிப் பெட்டியில் அளவு காட்டும் முறுக்கு ஸ்பேனர், டயர் காற்றுமானி, பலவகை ஃபியூஸ்கள், மின்சோதனைக் கருவி, சிலிக்கான் மசகு, பிளம்பர் டேப், கேபிள் டை, ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, சக்கரத்தடைக் கட்டைகள் ஆகியவை இருக்கட்டும். இவற்றில் பலவற்றை நாம் வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டோம். வீவக வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம், கார் பழுதானால் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ விட்டுவிட்டு டாக்சியில் வீடு திரும்புகிறோம். கேரவனில் பழுதாவது நீங்கள் இரவு படுக்க வேண்டிய வீடு. அதைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போக இடமில்லை.

சிங்கப்பூர் எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அதற்கு வரக்கூடும். இரண்டாவது சிம் டெல்ஸ்ட்ராவாக இருப்பது நல்லது, ஏனென்றால் நகரங்களை விட்டு விலகிய பகுதிகளில் அதன் வீச்சு மற்றவற்றைவிட அகலமானது. பெர்த்தும் சிங்கப்பூரும் ஒரே நேரத்தில் இயங்குவதால், காப்பீட்டு நிறுவனத்தையோ வங்கியையோ அழைக்க நேரக் கணக்குப் போட வேண்டியதில்லை. வழக்கமாக உண்ணும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள். ஆஸ்திரேலியாவின் பரஸ்பர மருத்துவ உடன்பாட்டில் சிங்கப்பூர் இல்லை என்பதால் பயணக் காப்பீடு இன்றிக் கிளம்ப வேண்டாம்.

2. எந்தக் கிழமை ஊருக்குள் நுழைவது

வேலைகள் சேர்ந்திருந்தால் திங்கள் முதல் புதன் வரையிலான ஏதாவது ஒரு நாள் காலையில் ஊரைச் சேரும்படி பயணத்தை அமையுங்கள். முஸ்தபாவில் நள்ளிரவை நெருங்கும் நேரத்திலும் பருப்பு வாங்கிப் பழகிய நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. சிறிய ஊர்களில் சனிக்கிழமை நண்பகலோடு பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் பெரும்பாலும் மூடப்படும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஒரு பழுதோடு வந்து சேர்ந்தால், அதைக் காது கொடுத்துக் கேட்கவே திங்கள்கிழமைதான் ஆள் கிடைப்பார். ஜூன் மாதத்தின் முதல் திங்கள்கிழமை மாநில விடுமுறை, புனித வெள்ளியன்று ஏறத்தாழ எல்லாமே அடைப்பு. இவற்றை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சேர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூன் மாதத்தில் பெர்த்தில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்திப் பொழுதில் கங்காருக்கள் சாலைக்கு வரும்; கேரவனை இழுத்துச் செல்லும் கார் சட்டென நிற்காது. எனவே, வேலையை முடித்துக்கொண்டு அன்றே கிளம்புவதானால் பிற்பகல் இரண்டு மணிக்குள் ஊரை விட்டுவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால், தயங்காமல் ஒரு இரவுக்குக் கேரவன் பூங்காவில் இடம் பிடித்துவிடுங்கள்.

3. முதல் வேலை பழுதைச் சொல்லி வைப்பது

புதியவர்கள் ஊருக்குள் வந்ததும் பேரங்காடிக்குப் போகிறார்கள், பிறகு துணி துவைக்கிறார்கள், எல்லாம் முடிந்து நான்கு மணிக்குப் பட்டறையை அழைக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அந்த ஊரில் நீங்கள் எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்வது பழுதுதான். எவ்வளவு மளிகை வாங்குவது, எந்தப் பூங்காவில் தங்குவது, தண்ணீர்த் தொட்டியை இன்றே நிரப்புவதா என்பன எல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.

வண்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், பட்டறைக்கு முன்பே வாடகை நிறுவனத்தை அழைத்து ஒப்புதல் வாங்குங்கள். அதை எழுத்து வடிவில், குறுஞ்செய்தியாகவாவது கேட்டுப் பெறுங்கள். ஒப்புதல் இல்லாமல் செய்த வேலைக்கான ரசீதை அவர்கள் ஏற்காமல் போகலாம். சொந்த வண்டியானால், மேற்கு ஆஸ்திரேலியாவின் வாகனக் கழகமான ஆர்.ஏ.சி.யில் உறுப்பினராகச் சேரும்போதே, சாலையோர உதவி காருக்கு மட்டுமா அல்லது கேரவனுக்கும் உண்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அழைக்கும்போது ‘வண்டி சரியில்லை’ என்று தொடங்காதீர்கள். எந்த வண்டி, எந்தப் பகுதி, எப்போது தொடங்கியது, எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்ற நான்கையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பட்டறையில் இடமில்லை என்றால் ஊரில் நடமாடும் கேரவன் பழுதுபார்ப்பவர் உண்டா என்று அவரிடமே கேளுங்கள். அப்படிப்பட்டவர் நீங்கள் தங்கியிருக்கும் இடத்திற்கே வருவார் என்பதால், வீட்டை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும் தொல்லை இல்லை. கேரவன் பூங்காவின் வரவேற்பறையில் கேட்டாலும் பெயர் கிடைக்கும். இணையத்தில் தேடுவதைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

4. உதிரிபாகத்தை வரவழைத்தல்

ரெப்கோ, சூப்பர்சீப் ஆட்டோ போன்ற கடைகளில் விளக்கு, ஃபியூஸ், இணைப்பான் முதலியவை கிடைக்கும். குளிர்பதனப் பெட்டி, கழிவறை போன்றவற்றின் பாகங்களை வரவழைக்கத்தான் வேண்டியிருக்கும். அதை இப்போது நிற்கும் ஊருக்கு வரவழைக்காமல், சில நாள் கழித்துப் போய்ச் சேரப்போகும் பெரிய ஊரின் அஞ்சலகத்திற்கு அனுப்பச் சொல்லுங்கள். நிலையான முகவரி இல்லாத பயணிகளுக்காக அஞ்சலகங்கள் ‘போஸ்ட் ரெஸ்டான்ட்’ முறையில் பொதியை வாங்கி வைத்திருக்கும். புகைப்பட அடையாளத்தைக் காட்டி அதைப் பெறலாம்.

நம்மவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். நமது கடப்பிதழில் பெயர், ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’, தந்தை பெயர் என்று வரிசையாக இருக்கும். கடையின் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை மட்டும் தரும். சாய்கோட்டை ஏற்கவும் மறுக்கும். கணவர் தம் பெயரில் பணம் கட்டி, மனைவி தம் அடையாள அட்டையோடு போய் நின்றாலும் பொதி கிடைக்காது. யார் நேரில் போய் வாங்கப் போகிறாரோ அவர் பெயரிலேயே ஆர்டர் கொடுங்கள். முதற்கட்டத்தில் அவருடைய பெயரையும் அடுத்த கட்டத்தில் தந்தை பெயரையும் கடப்பிதழில் உள்ள அதே எழுத்துகளோடு நிரப்பி, ஆர்டர் உறுதிச் சீட்டையும் கண்காணிப்பு எண்ணையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. முதலில் கழிவு, பிறகுதான் தண்ணீர்

பெரும்பாலான கேரவன்களில் கழிவறைத் தொட்டி ஒரு பெட்டி போல வெளிப்பக்கக் கதவு வழியாக இழுத்து எடுக்கும்படி இருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 18 அல்லது 19 லிட்டர். நால்வர் குடும்பத்திற்கு அது இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அதை ஊரில் உள்ள கழிவகற்றும் நிலையத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். பொதுக் கழிப்பறையிலோ புதர் மறைவிலோ கூடாது.

கையுறையை அணிந்துகொண்டு, பெட்டியின் குழல்மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றுங்கள். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த பிறகு, பின்பக்கம் உள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஊற்ற வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால் உள்ளே காற்று புக வழியின்றி, கழிவு குபுக்குபுக்கென்று விட்டுவிட்டு வந்து காலணியின் மேல் தெறிக்கும். மூக்கு மேலே பார்த்திருக்கும்போது அழுத்தினால் பொத்தான் வழியாகவே ஒழுகும். இரண்டு முறை அலசி, கழிவறைத் தொட்டிக்கான மருந்தும் சிறிது தண்ணீரும் ஊற்றி உள்ளே தள்ளுங்கள்.

கழிவு நிலையத்தில் உள்ள குழாய் பெட்டியைக் கழுவுவதற்கானது. குடிநீர்க் குழாயை எக்காரணம் கொண்டும் அதில் மாட்டாதீர்கள். கழிவு வேலையை முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீர் பிடிக்கப் போங்கள்; இந்த வரிசைக்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை. குடிநீருக்கென்று விற்கப்படும் உணவுத்தரக் குழாயையே பயன்படுத்துங்கள். தோட்டத்துக் குழாயில் வந்த தண்ணீரில் வைத்த தேநீர் ரப்பராக மணக்கும். குழாயடியில் ‘குடிக்கத் தகுந்ததன்று’ என்ற பலகை உண்டா என்று பார்த்து, சில விநாடி ஓடவிட்டு மோந்து பார்த்த பிறகு தொட்டியில் விடுங்கள். பூங்காவின் குழாயை நேரடியாக வண்டியோடு இணைப்பதானால் இடையில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஏதாவது ஓர் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

6. எரிவாயு

9 கிலோ சிலிண்டரை பன்னிங்ஸ் என்ற வன்பொருள் கடைகளிலும் பல பெட்ரோல் நிலையங்களிலும் காலியைக் கொடுத்து நிறைந்ததாக மாற்றிக்கொள்ளலாம். சிலிண்டரின் மேல் பொறித்த சோதனைத் தேதி பத்தாண்டைத் தாண்டியிருந்தால் அதில் எரிவாயு நிரப்பித் தர மாட்டார்கள். அந்த நிலையில் மாற்றிக்கொள்வதே வழி. பழைய வகை இணைப்பு இடப்புறத் திருகு கொண்டது. கழற்றுகிறோம் என்று எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். புதிய வகை வழக்கமான திசையில், கையாலேயே இறுக்கும்படி வருகிறது. மாற்றியதும் இணைப்பின் மேல் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன் சிலிண்டரை மூடிவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டி எரிவாயுவில் ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

7. மின்சாரமும் சோறும்

பூங்காவின் மின்கம்பத்தில் இணைக்கும்போது, கம்பத்தின் சுவிட்சை அணைத்து, கம்பியை முதலில் வண்டியிலும் பிறகு கம்பத்திலும் செருகி, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது இதையே பின்னிருந்து செய்ய வேண்டும். கம்பியைச் சுருளாக விட்டால் சூடேறும் என்பதால் முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

கேரவனின் இணைப்பு 15 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,450 வாட். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது 2,200 வாட் கெண்டியையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும், அது பழுதன்று. கேரவனின் செருகியில் நிலமுனை (எர்த் முனை) அகலமாக இருக்கும். சாதாரண 10 ஆம்பியர் துளைக்குள் போகவில்லை என்று அதை அரத்தால் தேய்ப்பவர்களும் உண்டு. அது தீ விபத்துக்கு வழி.

மின்கம்பம் இல்லாத இடத்தில் பாட்டரியை நம்பி ரைஸ் குக்கர் வைக்காதீர்கள். 500 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால், இன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 23 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், ஒரு வேளைச் சோற்றுக்கே கையிருப்பில் ஏறத்தாழ பாதி தீர்ந்துவிடும். எரிவாயு அடுப்பில் பிரஷர் குக்கர் வைப்பதே கட்டுப்படியாகும். ஆனால் விசில் வரும்போது கூரைத் துளையைத் திறந்துவிடுங்கள். இல்லையேல் ஆவி மெத்தைவரை ஈரமாக்கும்.

எரிவாயு, மின்கம்பம், 12 வோல்ட் பாட்டரி ஆகிய மூன்றிலும் ஓடும் மூன்று வழிக் குளிர்பதனப் பெட்டி சரியாகக் குளிரவில்லை என்றால், ஆளைக் கூப்பிடும் முன் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள்; சாய்ந்து நின்றால் அது வேலை செய்யாது. 12 வோல்ட் நிலை வண்டி ஓடும்போது மட்டுமே. நின்ற பிறகும் அதிலேயே விட்டால் காலையில் விளக்குகூட எரியாது.

8. துணி, கடைசியில் மளிகை

பூங்காவின் துவைப்பு இயந்திரங்கள் பல இடங்களில் ஒரு டாலர், இரண்டு டாலர் நாணயங்களை மட்டுமே வாங்கும். கிடைக்கும் நாணயங்களை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். துணியைப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் கடைக்குப் போகலாம். மளிகை கடைசியில் வருவதற்குக் காரணம், பாலும் இறைச்சியும் வண்டியில் ஏறியபின் வேறு வேலைக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான்.

இட்லி அரிசி, சாம்பார்ப்பொடி, பெருங்காயம் போன்றவற்றை பெர்த்தின் புறநகர் இந்தியக் கடைகளிலேயே வாங்கி நிரப்புங்கள். வடக்கே போகப்போக கோல்ஸிலும் வுல்வொர்த்ஸிலும் கிடைப்பதைக் கொண்டுதான் சமைக்க வேண்டும். தேக்காவிலிருந்து கொண்டு வரும் உணவுப்பொருள் எதுவாக இருந்தாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பிற மாநிலங்களுக்குப் போய்த் திரும்புபவர்கள் யூக்லாவிலோ குனுனூராவிலோ உள்ள வேளாண் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டும்; பழம், காய்கறி, தேன் ஆகியவற்றை அங்கே பறிகொடுக்க நேரும். எல்லைக்கு முந்திய ஊரில் வெங்காயமும் தக்காளியும் மூட்டையாக வாங்காதீர்கள்.

9. உங்கள் கையாலேயே முடியும் பழுதுகள்

டயர் மாற்றுதல். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, கேரவனைக் காரிலிருந்து கழற்றாமல், கைபிரேக்கைப் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வையுங்கள். தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முறுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவலாம். ஜாக்கியை வண்டியின் கையேடு காட்டும் அச்சிலோ அடிச்சட்டத்திலோ, கீழே பலகையிட்டு வையுங்கள். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்க முயன்று காலை வளைத்துவிடுவது நான் மிகுதியாகக் கண்ட தவறு. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பின் முறுக்கு ஸ்பேனரால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். 50 கி.மீ. போனதும் நிறுத்தி மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் சக்கரம் கழன்று ஓடுகிறது.

பின்விளக்கு எரியாமை. பல்பை மாற்றுவதற்கு முன் காருக்கும் கேரவனுக்கும் இடையிலான செருகியைக் கழற்றி, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, மண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். ஒரே விளக்கு எரியவில்லை என்றால் பல்பு. ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் மங்கலாக மினுக்கினால் நிலக்கம்பி. ஒரு பக்கமே இருண்டால் ஃபியூஸ் என்ற வரிசையில் தேடுங்கள்.

பம்பு தானாக ஓடுதல். குழாய்கள் மூடியிருக்கும்போதும் பம்பு அவ்வப்போது ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். உலர்ந்த காகிதத்தை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர் மெலிந்து வந்தால் பம்பின் முன்னுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்; மணல் அடைத்திருக்கும்.

கழிவறைப் பெட்டியின் ரப்பர் வளையம் காய்ந்தால் ஒழுகும், நாறும். கழுவித் துடைத்து சிலிக்கான் மசகு தடவினால் போதும். வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியக் களிம்பு ரப்பரைக் கெடுக்கும்.

10. தொடக் கூடாதவை

எரிவாயுக் குழாய் வேலையும் 230 வோல்ட் கம்பி வேலையும் உரிமம் பெற்றவர்களுக்கே உரியவை. நீங்கள் செய்தால் சட்டப்படி தவறு, காப்பீடும் கைவிரிக்கும். பிரேக் வேலையையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள். சக்கர பேரிங்கைப் பொதுவாக 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கிரீஸ் மாற்றுவார்கள். நெடும்பயணத்திற்கு முன் பெர்த்திலேயே அதை முடித்து, உதிரி பேரிங் தொகுதி ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துவிட்டால், நடுவழியில் தேவைப்படும்போது ஆள் கிடைத்தும் பாகம் கிடைக்காத நிலை வராது.

11. ஊரை விட்டுக் கிளம்பும் வரிசை

உள்ளிருந்து வெளியே வருவதுபோல் வரிசையை வையுங்கள்: அலமாரிகளும் குளிர்பதனப் பெட்டியும் தாழிடப்பட்டனவா, கூரைத் துளை மூடியதா, சிலிண்டர் மூடியதா, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கழற்றப்பட்டனவா, மூலைக் கால்கள் ஏறியனவா, காரோடு கோக்கும் முனையில் உள்ள சிறு முன்சக்கரம் உயர்த்தப்பட்டதா, காரையும் கேரவனையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகள் மாட்டப்பட்டனவா, மின்செருகி பொருந்தியதா, விளக்குகள் எரிகின்றனவா. இதை ஒருவரே தொடக்கம் முதல் இறுதிவரை செய்ய வேண்டும், நடுவில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கணவன் பாதி, மனைவி பாதி என்று பிரித்துக்கொண்ட வண்டிகளில்தான் மூலைக் கால் தரையில் இழுபடுகிறது.

அரை மணி நேரம் ஓட்டியதும் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, சக்கரத்தின் நடுப்பகுதியருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் பேரிங்கோ உரசும் பிரேக்கோதான் காரணம். அங்கேயே நின்று, கிளம்பி வந்த ஊரின் பட்டறையை அழையுங்கள்.